இரைத்தொட்டிக்கு ஒரு இடம்

பிப்ரவரி 6

மச்சானுக்கு,

உன் தங்கச்சி புருஷன் எழுதறேன். நாங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். என் இடுப்பு வலியும் நல்லா இருக்கு. நீ எப்படி இருக்க? போன்ல கேட்டா, "பட்டறையில இஞ்சின் சத்தம், ஒண்ணும் கேக்கல, எழுதிப் போடு"ன்னு வச்சுடற. போன வருஷம் வரைக்கும் அதே சத்தத்துல என் காது கிழியற மாதிரி மணிக்கணக்கா பேசின ஆளுதானே நீ? சரி, எழுதியே தொலைக்கறேன். எப்படியும் படம் வரையணும்.

விஷயம் இதுதான். நம்ம படகுக்கு இரைத்தொட்டி வைக்கப் போறேன். வாளியில போடற மத்தி ஒரு மணி நேரம் தாங்கல, செத்து மிதக்குது. செத்த மத்தியைச் சூரை மீன் மோந்து பார்த்துட்டுத் திரும்பிப் போகுது. பக்கத்துப் படகுல எல்லாம் தொட்டிக்குள்ள மத்தி உயிரோட ஓடிக்கிட்டே இருக்கு. அள்ளி வீசறான், சூரை கூட்டமா மேல வருது, தூண்டிலைப் போட்டுத் தூக்கிக்கிட்டே இருக்கான். நாம வாயைப் பொளந்து பார்த்துக்கிட்டு நிக்கறோம்.

எழுநூறு லிட்டர் பைபர் தொட்டி சொல்லிட்டேன். எங்க வைக்கறதுன்னு மேஸ்திரி கேக்கறார். பின்பக்கம் ஓரமா வைக்கலாம், நாம நின்னு தூண்டில் போடற இடம் அதுதான், கை நீட்டினா மத்தி. இல்லன்னா இடது பக்கம். அதுவும் இல்லன்னா நடுவுல, ஸ்டியரிங் இருக்கற வீல் ரூமை ஒட்டி. ஆனா அங்க நாம அடிச்ச பலகை அறை இருக்கு. எனக்குப் பின்பக்கம்தான் தோணுது. மூணையும் வரைஞ்சிருக்கேன், சிரிக்காம பாரு.

ஜூன்ல உன் ரெண்டு வருஷப் பட்டறை ஒப்பந்தம் முடியுதுல்ல? நீ வர்றப்ப எல்லாம் தயாரா இருக்கணும். உன் இடத்துக்குக் கொக்குன்னு ஒருத்தனை வச்சிருக்கேன்னு சொன்னேனே, ஆள் நெட்டை, வேலைக்காரன், ஆனா ஒரு ஜோக்குக்குச் சிரிக்க மாட்டான். நீ வரலன்னா படகை வித்துட்டு வீட்டுல உக்காந்துடுவேன், பார்த்துக்க.

பதில் சீக்கிரம் போடு.

மாப்பிள்ளை


பிப்ரவரி 19

மாப்ள,

கடிதம் வந்தது. தங்கச்சியைக் கேட்டதாச் சொல்லு. உன் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, எண்ணெய் தேய்க்கறேன்னு கண்டவன்கிட்டயும் போய்ப் படுக்காத.

படம் பார்த்தேன். படகா, செருப்பான்னு கொஞ்ச நேரம் புரியல.

நடுவுல வை. எழுநூறு லிட்டர்னா எழுநூறு கிலோ. பத்து ஆள் எந்நேரமும் பின்னால நின்னுக்கிட்டு வந்தா படகு எப்படி ஓடும்? டெக்குல விழற தண்ணி வெளிய போற ஓட்டை பின்னாலதான் இருக்கு. பின்பக்கம் தாழ்ந்தா அதே ஓட்டை வழியா கடல் உள்ள வரும். இடது பக்கம் பேச்சே வேண்டாம், படகு ஒருக்களிச்சுப் படுத்துக்கும். நடுவுல, தாழ்வா, முதுகெலும்பு மாதிரி ஓடற அந்தக் கட்டைக்கு நேர் மேல உக்காரணும்.

தொட்டிக்கு உள் மூலை எல்லாம் வளைவா இருக்கட்டும். சதுரமா இருந்தா மத்தி மூலையில முட்டி மூக்கு உடைஞ்சு சாகும்.

பலகை அறையைப் பிரிச்சுடு. நாலு ஆணி, அரை நாள் வேலை.

இங்க மழை இல்லை. வேலை இருக்கு. உடம்பைப் பார்த்துக்கங்க ரெண்டு பேரும்.

மச்சான்


பிப்ரவரி 27

மச்சானுக்கு,

ஒத்தடம் கொடுத்தாச்சு. உன் தங்கச்சி கொதிக்கற தண்ணியை வச்சா. பதினோரு வருஷ கணக்கை ஒரே நாள்ல தீர்த்துட்டா.

நீ என்ன, நாலு ஆணின்னு சாதாரணமா எழுதிட்ட? அது உன் அறை. உன் படுக்கைப் பலகை இன்னும் அப்படியே கிடக்கு. கிழிஞ்ச நீலச் சட்டை ஆணியில தொங்குது. கொக்கு, "நான் அதுல படுத்துக்கட்டுமா"ன்னு நாலு தடவை கேட்டான். ஆள் வருவாருன்னு சொல்லிட்டேன். பாவம், டெக்குல காலை மடக்கிக்கிட்டுப் படுக்கறான். அவன் கால் அவ்வளவு நீளம், மடக்கவும் இடம் பத்தல.

ஜூன்ல நீ வந்து எங்க படுப்ப? ஐஸ் பெட்டிக்குள்ளயா? மூணு நாள் போனா மூணு நாளும் நீ நின்னுக்கிட்டே இருப்பியா? அதனால அறையைப் பிரிக்கற பேச்சு வேண்டாம். பின்பக்கம் அளந்துட்டேன், தொட்டி கச்சிதமா உக்காருது.

ஒரே கேள்வி. வழவழன்னு எழுதாம நேரா சொல்லு. ஜூன்ல வர்றியா, இல்லையா? உடம்பு எப்படி இருக்கு?

மாப்பிள்ளை


ஏப்ரல் 2

மாப்ள,

பதில் போட நாளாயிடுச்சு. தலைக்கு மேல வேலை. தங்கச்சி இருமல் சரியாச்சா? போன மாசம் பேசினப்ப இருமிக்கிட்டே இருந்தா.

நான் சொன்னா நம்ப மாட்ட, உன் கண்ணு சொன்னா நம்புவ. கரையில கட்டியிருக்கறப்ப மூணு பெரிய டிரம்மைப் பின்பக்கம் வச்சுத் தண்ணி நிரப்பு. படகுக்கு வெளிய கடல் தண்ணி எதுவரைக்கும் நிக்குதுன்னு சாக்பீஸால கோடு போடு. அப்புறம் அதே டிரம்மை நடுவுல வச்சு இன்னொரு கோடு போடு. ரெண்டையும் பாரு.

பார்த்த பிறகும் பின்னாலதான் வைப்பேன்னு அடம் பிடிச்சா, ஒண்ணு மட்டும் கேளு. தொட்டி விளிம்பு வரைக்கும் நிரம்பி, வழிஞ்சுக்கிட்டே இருக்கணும். பாதித் தண்ணியோட மட்டும் ஓட்டாத. நிரம்பின தண்ணி அசையாது. பாதித் தண்ணி படகு சாயற பக்கமே ஓடிப் போய் இன்னும் சாய்க்கும்.

மத்தது பிறகு எழுதறேன்.

மச்சான்


ஏப்ரல் 15

மச்சானுக்கு,

இருமல் போயிடுச்சு. இப்ப அந்தத் தொண்டை எல்லாம் என்னைத் திட்டத்தான் பயன்படுது.

நீ சொன்ன மாதிரி டிரம் வச்சுப் பார்த்தேன். பின்னால வச்சா நாலு விரல் தாழுது. நாலே விரல்! இதுக்கா இவ்வளவு கதை? தொட்டியைப் பின்னாலயே போல்ட் போட்டு இறுக்கியாச்சு. மூணு தடவை கடலுக்குப் போய் வந்தாச்சு. அய்யோ மச்சான், நீ பார்க்கணுமே! மத்தி சுத்திச் சுத்தி ஓடுது, ஒண்ணுகூட சாகல. நேத்து சூரை வெறி பிடிச்சு மேல வந்தது. கொக்கு முதல் தடவையா சிரிச்சான். பல்லு அவ்வளவு பெருசுன்னு எனக்கு நேத்துத்தான் தெரிஞ்சுது.

பின்பக்கம் கொஞ்சம் கனமா இழுத்தது, அதுக்கும் வழி பண்ணிட்டேன். தண்ணி வழிஞ்சு போற குழாயைப் பாதி உயரத்துல வெட்டி வச்சுட்டேன். பாதித் தண்ணியே மத்திக்குத் தாராளம். படகு ரெண்டு விரல் எழும்பிடுச்சு. என் மூளைக்கு நீ சபாஷ் சொல்லணும்.

உன் பலகையைத் துடைச்சு வச்சிருக்கேன். ஜூனுக்கு இன்னும் ஒண்ணரை மாசம்தான். போன கடிதத்துல நான் கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை. மறந்துட்டியா, இல்ல மறந்த மாதிரி இருக்கியா?

மாப்பிள்ளை


மே 2

மாப்ள,

குழாயை உடனே உயர்த்து. இதைப் படிக்கற நிமிஷமே போய் உயர்த்து. உயர்த்தற வரைக்கும் கடலுக்குப் போகாத. பாதித் தண்ணி வேண்டாம்னு எழுதினேனே, படிச்சியா இல்லையா? போன்ல ரெண்டு தடவை கூப்பிட்டேன், நீங்க எடுக்கல, இல்ல எடுத்தது எனக்குக் கேக்கல.

மத்தது பிறகு.

மச்சான்


மே 6

அண்ணா,

நான் உன் தங்கச்சி. நான் நல்லா இருக்கேன். அவர் நல்லா இல்லை, ஆனா நல்லா இருக்கறதா உனக்கு எழுதுவார். அதுக்கு முன்னாடி நான் எழுதிடறேன்.

நாலாம் தேதி கடல்லேருந்து திரும்பி வர்றப்ப, அலை பின்னாலேருந்து தள்ளியிருக்கு. இவர் படகைத் திருப்பியிருக்கார். தொட்டியில இருந்த பாதித் தண்ணி மொத்தமும் ஒரு பக்கமா ஓடிப் போச்சு. படகு சாய்ஞ்சது, சாய்ஞ்சது நிமிரல. பின்பக்கம் கடலுக்குள்ள போயிடுச்சு. கொக்கு தண்ணியில விழுந்துட்டார். இவர் ஸ்டியரிங்கை விட்டுட்டு ஓடிப் போய்த் தொட்டியோட அடைப்பைக் கோடாலியால உடைச்சிருக்கார். தண்ணி வடிஞ்ச பிறகுதான் படகு நிமிர்ந்தது. அப்புறம் கொக்கோட சட்டைக் காலரைப் பிடிச்சு மேல இழுத்திருக்கார். இவருக்கு விலா எலும்புல ரெண்டு விரிசல்.

என்கிட்ட வந்து, "கரையில வழுக்கி விழுந்தேன்"னார். மறுநாள் கொக்கு வாசல்ல நின்னுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னார். உள்ள வந்து உக்காரச் சொன்னேன். "இல்லம்மா, உக்காந்தா எழுந்திருக்க முடியாது"ன்னார். அப்ப எனக்கு வந்த கோவத்துக்கு இவரோட மீதி விலாவையும் நானே உடைச்சிருப்பேன்.

அண்ணா, தொட்டி அங்க இருக்கக் கூடாதுன்னு அவருக்குத் தெரியும். டிரம் வச்சுப் பார்த்த அன்னைக்கே தெரியும். வீட்டுக்கு வந்ததும், "அறையைப் பிரிச்சுட்டா, மச்சான் வர வேண்டாம்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்"னார். உன் பலகைக்காகத்தான் தொட்டி பின்னால போச்சு.

உன் கடிதம் எல்லாத்தையும் எடுத்துப் படிச்சேன். என் இருமல் இருக்கு, அவர் இடுப்பு இருக்கு, மத்தியோட மூக்குகூட இருக்கு. உன் உடம்பு மட்டும் ஒரு வரி இல்லை. தண்ணியைப் பத்தி எனக்கு எழுதாத. உன்னைப் பத்தி எழுது. நீ வருவியா?

தங்கச்சி


மே 16

தங்கச்சிக்கு,

கொக்கு எப்படி இருக்கார்? மாப்பிள்ளைக்கு மூச்சு விடறப்ப வலி இருக்கா? டாக்டர்கிட்ட மறுபடியும் கூட்டிட்டுப் போ.

என்னைப் பத்திக் கேட்ட. எழுதறேன்.

போன நவம்பர்ல ஒரு நாள் காலையில எழுந்தேன். அறை சுத்துச்சு. வாந்தி எடுத்தேன். வலது காதுல விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. ரெண்டு வாரத்துல அந்தக் காது செத்துப் போச்சு. போன்ல கேக்கலன்னு சொன்னது பட்டறைச் சத்தத்தால இல்லை. இடது காதுல வச்சாலும் பாதி வார்த்தைதான் புரியுது. டாக்டர் பார்த்தார். காதுக்குள்ள உடம்பை நேரா நிறுத்தற ஏதோ ஒண்ணு கெட்டுப் போச்சாம். தரையில சமாளிக்கலாம், ஆடற இடம் ஆகாதுன்னார்.

நான் நம்பல. மார்ச்ல இங்க ஒரு படகுக்காரர்கிட்டக் கெஞ்சி ஏறினேன். துறைமுகத்தைக்கூடத் தாண்டல. கம்பத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன். பதினாலு வயசுலேருந்து கடல்ல இருந்தவன், தங்கச்சி. என்னை ரெண்டு பேர் கைத்தாங்கலா இறக்கி விட்டாங்க. அதுக்கப்புறம் மூணு வாரம் யாருக்கும் எழுத மனசு வரல.

நான் வரலன்னா படகை வித்துடுவேன்னு உன் புருஷன் எழுதினான். அதனாலதான் சொல்லல. அவனுக்குக் கடலை விட்டா வேற ஒண்ணும் தெரியாது. நடுவுல வை, நடுவுல வைன்னு மட்டும் எழுதிக்கிட்டே இருந்தேன். அறையைப் பிரிச்சா விஷயம் தானா முடிஞ்சுடும்னு நினைச்சேன். என் வாயால சொல்ல வேண்டாம்னு பார்த்தேன். கோழைத்தனம்தான்.

இன்னொண்ணு. குழாயை வெட்டினேன்னு அவன் எழுதின கடிதம் ஏப்ரல் இருபத்துமூணாம் தேதியே வந்துடுச்சு. அன்னைக்குப் படிக்கட்டுல விழுந்து படுத்திருந்தேன். எழுத்தைப் பார்த்தாலே வரி வரியா நகர்ந்தது. ஒன்பது நாள் கழிச்சுத்தான் உறையைக் கிழிச்சேன். அந்த ஒன்பது நாளை நினைச்சா எனக்குத் தூக்கம் வரல. கொக்குக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?

இதை அவன்கிட்ட நீயே சொல்லு. எனக்கு எழுத வரல.

அண்ணன்


மே 16

மாப்ள,

விலா எப்படி இருக்கு? இருமாத, கனம் தூக்காத.

அறையைப் பிரி. பலகையை எடு. எனக்கு அது வேண்டாம். காரணத்தை உன் பொண்டாட்டிகிட்டக் கேளு.

படகை வித்தேன்னு மட்டும் என் காதுல விழக் கூடாது. ஒரு காதுதான் இருக்கு.

மச்சான்


ஜூன் 1

மச்சானுக்கு,

விலா பரவாயில்லை. சிரிச்சாதான் வலிக்குது. நாலு வாரமா சிரிக்கறதுக்கு ஒண்ணும் இல்லாததால நிம்மதியா இருந்தேன்.

உன் தங்கச்சி படிச்சுக் காட்டினா. முழுசா படிச்சு முடிக்க முடியல அவளால, மீதியை நான் வாங்கிப் படிச்சேன். ஏழு மாசம். ஏழு மாசமா எனக்கு வெந்நீர் ஒத்தடம் சொல்லிக்கிட்டு, நீ அங்க சுவரைப் பிடிச்சுக்கிட்டு நடந்திருக்க. கையில கிடைச்சா உன்னை என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. மொதல்ல திட்டித் தாள் ஒண்ணு முழுக்க எழுதினேன். கிழிச்சுப் போட்டுட்டேன். அப்புறம் அழுதேன். விலா எலும்பு உடைஞ்சவன் அழக் கூடாதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

தப்பு என்னோடது. நீ வேண்டாம்னு எழுதினதைப் படிச்சுட்டுத்தான் குழாயை வெட்டினேன். உன் ஒன்பது நாளை நீ தூக்கிக்கிட்டுத் திரியாத. கொக்கு நல்லா இருக்கான். "மறுபடியும் வர்றியா"ன்னு கேட்டேன். "தொட்டி எங்க இருக்கும்"னு கேட்டான். நடுவுலன்னேன். வர்றேன்னான். அதனால படகை விக்கல.

பலகை அறையைப் பிரிச்சாச்சு. நீ நாலு ஆணின்னு எழுதின. இருபத்தாறு ஆணி இருந்தது, அதுல பாதி நீ வளைச்சு அடிச்சது. பலகைக்கு அடியில என்ன கிடைச்சுது தெரியுமா? சீட்டுக்கட்டு ஜோக்கர். ஒண்ணு இல்லை, மூணு! ரம்மியில நீ எப்படி ஜெயிச்சுக்கிட்டே இருந்தன்னு இத்தனை வருஷம் கழிச்சு இப்பத்தான் விளங்குது. அயோக்கியா. நீலச் சட்டையை உன் தங்கச்சி துவைச்சு மடிச்சு வச்சுட்டா. பலகையை வெட்டித் தொட்டிக்கு மூடி பண்ணச் சொல்லிட்டேன்.

இப்ப முக்கியமான விஷயம். படகைக் கரையேத்தி, ரெண்டு பக்கமும் கட்டை கொடுத்து நிறுத்தியிருக்கேன். அடிப்பலகைக்குத் தார் பூசணும், பெயிண்ட் அடிக்கணும். ஜூன் முப்பது வரைக்கும் தரையிலதான் நிக்கும். தொட்டியைத் தூக்கி நடுவுல சும்மா வச்சிருக்கேன். இன்னும் ஒரு போல்ட்கூடப் போடல. மேஸ்திரி ஒரு விரல் முன்னாலங்கறார், கொக்கு ஒரு விரல் பின்னாலங்கறான். நான் வாயே திறக்கறதில்லை, என் பேச்சைக் கேட்டு ஒரு தடவை முங்கினது போதும்னு ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க.

படகு தரையில நிக்குது, மச்சான். அது ஆடாது. நானே ஏறிக் குதிச்சுப் பார்த்தேன், விலா வலிச்சதுதான் மிச்சம். ஜூன்ல வர்றேன்னு சொன்னல்ல? வா. ஏறி நின்னு, இங்கன்னு நீயே கோடு போடு. நீ கோடு போடாம ஒருத்தனும் துளை போட மாட்டான்.

உடம்பு எப்படி இருக்கு? இந்தத் தடவை பதில் சொல்லிட்டு மத்ததை எழுது.

மாப்பிள்ளை


ஜூன் 9

மாப்ள,

உடம்பு சுமார். காலையில எழுந்ததும் அஞ்சு நிமிஷம் கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு உக்காரணும். குனிஞ்சா சுத்துது. இருட்டுல நடக்க முடியாது. வலது காது சுத்தமா இல்லை. பசி நல்லா எடுக்குது.

பத்தொன்பதாம் தேதி ரயில்ல வர்றேன். படுத்துக்கிட்டே வர்ற மாதிரி டிக்கெட் போட்டாச்சு. பட்டறைக் கணக்கை முடிச்சுட்டேன்.

ஜோக்கர் ரெண்டுதான் என்னோடது. மூணாவது யாரோடதுன்னு என் தங்கச்சியைக் கேளு.

ஏணியை நல்லா சாய்வா வைக்கச் சொல்லு. சாக்பீஸ் நான் கொண்டு வரேன். ஏறும்போது கொக்கு எனக்குப் பின்னால வரட்டும். நீ என் இடது பக்கம் நில்லு. வலது பக்கம் நின்னு பேசினா எனக்குக் கேக்காது.

மச்சான்